இரண்டு பக்கமும் கை தட்டுகிறவன்

திண்டிவனத்தில் காலை பாசஞ்சரைப் பிடித்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு என்று ஒரு பெட்டி உண்டு. பலகை எதுவும் மாட்டியிருக்காது, நாங்களாகப் பிடித்துக்கொண்டது. மயிலம் வருவதற்குள் தலை பின்னி முடித்துவிடுவோம். பேரணியில் டிபன் டப்பாக்கள் திறக்கும். விக்கிரவாண்டியில் வீட்டுக் கதை ஆரம்பிக்கும். முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் யார் வீட்டுக் கதையாக இருந்தாலும் முடிந்தாக வேண்டும், ஏனென்றால் அடுத்தது விழுப்புரம். அங்கே இறங்கியதும் ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிற ஓட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது.

அந்தப் பெட்டியில் என் பக்கத்து இடம் எப்போதும் ஒருவருக்குத்தான். என் அலுவலகத்திலேயே அடுத்த செக்‌ஷனில் வேலை பார்ப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர். கை சுத்தமான வேலைக்காரர் என்று ஊரில் பெயர். அந்த மனிதர் போனில் கிரிக்கெட்டுக்குப் பணம் கட்ட ஆரம்பித்து, மயிலம் ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையைத் தொலைத்துவிட்டார். அது போன கதையே அக்காவுக்கு வேறொருவர் வேலி போட வந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு அமாவாசை விடாமல் மேல்மலையனூர் அம்மனிடம் போய்வருகிறார். மறுநாள் வண்டியில் எனக்கும் குங்குமம் கொடுப்பார். நான் மாதா கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். நெற்றியில் வைத்துக்கொள்ள மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டு வைப்பேன்.

எனக்கும் ஒரு கதை இருந்தது. என் மகன். விழுப்புரத்தில் கல்லூரியில் கடைசி வருடம். போனில் சுட்டு விளையாடுகிற ஆட்டம் ஒன்றில் விழுந்து கிடந்தான். காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் வீட்டில் நாங்கள் யாரும் மனிதர்கள் இல்லை. அசாமிலோ நேபாளத்திலோ உட்கார்ந்திருக்கும் எவனோ ஒருவனோடு இந்தியில் பேசுவான். எங்களோடு நாலு வார்த்தை தமிழ் பேச அவனுக்கு நேரம் இல்லை. "பின்னாடி வர்றான், பின்னாடி வர்றான்" என்று ஒருநாள் அவன் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்து உருட்டுக் கட்டையோடு ஓடி வந்துவிட்டார். சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து போவான். நெட் போனால் அழுவான், நிஜமாகவே கண்ணீர் விட்டு அழுவான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் ஒருமுறை வைஃபை பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் கடைக் கல்லாவில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு என் மகன் குளியலறைக் கதவை உதைத்த உதையில் கீழ்த் தாழ்ப்பாள் கழன்றது. ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டில் இன்னும் அதை மாட்டவில்லை.

இதையெல்லாம் நான் வண்டியில் சொல்வேன். அக்கா அவர் கதையைச் சொல்வார். சொல்லச் சொல்ல, யாருடைய கஷ்டம் பெரிது என்கிற மாதிரி ஒரு போட்டி எங்களுக்குள் வந்துவிட்டது. கேட்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கஷ்டப்படுகிற பெண்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படித்தான். உங்களுக்காவது போனது மனை, எனக்குப் பிள்ளையே போய்விட்டான் என்பேன் நான். அக்கா ஒருநாள் சொன்னார்.

"உன் புள்ள கத்துறான்மா. கத்துறவன் வீட்ல கீறான்னு தெரியுது இல்ல? என் வீட்டுக்காரரு ஒரு சத்தம் போடல. கைய கட்டிக்கினு டிவி பாத்தாரு. மனை போன அன்னிக்கும் டிவிதான் பாத்துக்கினு இருந்தாரு. நான் அவருக்கு மல்லாட்டை வறுத்துக் குடுத்துக்கினு இருந்தேன்."

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் போடாத வீடு எனக்குச் சொர்க்கமாகத் தெரிந்த காலம் அது.

தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. திருநீற்றுப் புதனன்று கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், அந்தச் சாம்பல் அழிவதற்குள், இந்தத் தவக்காலத்துக்கு எதை விடப்போகிறோம் என்று ஆளாளுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒறுத்தல் என்போம். சொல்லிவிட்டால் ஈஸ்டர் வரை அதைத் தொடக்கூடாது. என் வீட்டுக்காரர் வருடா வருடம் கறியை விடுவார், பிறகு முட்டை கறியா இல்லையா என்று வாதாடுவார். நான் அந்த வருடம் கத்துவதை விடுகிறேன் என்றேன். அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது என்னைப் பார்த்துத்தான், அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு என் மகன், "நான் கேம விடுறேன்" என்றான்.

யாரும் கேட்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. போனை எடுத்து எங்கள் கண் எதிரிலேயே அந்த ஆட்டத்தை அழித்தான். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நான் எதுவும் பேசினால் மனசு மாறிவிடுவானோ என்று பயந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

முதல் நாட்கள் கொடுமை. அவனுடைய கட்டைவிரல்கள் சும்மா இருக்காது. சாப்பிடும்போதும் மேசையில் எதையோ அமுக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் போய் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பான். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் இன்றைக்கு உடைந்துவிடுவான் என்றே நினைத்தேன். அவன் உடையவில்லை. ஒரு சாயங்காலம் அவனாகவே கீழே இறங்கி வந்து, அப்பா பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, டிவியில் கிரிக்கெட் பார்த்தான்.

அந்த சோபாவில் அவர்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்டதை எப்படிச் சொல்வது. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், அதனால் அழுதது யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் பார்த்தார்கள். அப்பா ஒரு டீமுக்குக் கத்துவார், மகன் போனை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகப் பார்ப்பான். சிக்ஸர் அடித்தாலும் கை தட்டுவான், அடித்தவன் அவுட் ஆனாலும் கை தட்டுவான். என் வீட்டுக்காரருக்கு முதலில் எரிச்சல், அப்புறம் பெருமை. விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கிறான், எனக்குக்கூட அந்தப் பக்குவம் இல்லை என்றார். இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். டிவியில் பந்து விழுவதற்கு முன்பே என் மகன் சின்னதாக ஒரு மூச்சு விடுவான். அடுத்த நொடி திரையில் ஸ்டம்ப் பறக்கும். ஒருமுறை இல்லை, பலமுறை. பந்து போடுகிறவனின் கையைப் பார்த்தே சொல்லிவிடுகிறான், என்ன மூளை, இதைப் போய் அந்த எழவெடுத்த ஆட்டத்தில் வீணாக்கினானே என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியோடு இதையும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. வண்டியில் அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் அலங்காரத்தோடுதான் சொன்னேன். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து மேட்ச் பார்க்கிறார்கள், வீடே அமைதியாக இருக்கிறது என்று சொல்லி முடித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிபன் டப்பாவை மூடினார்.

"அவன் எந்த டீமுக்கும்மா கை தட்றான்?" என்று கேட்டார்.

இரண்டுக்குமே என்றேன். அவ்வளவு நல்ல மனசு என்றேன்.

"டிவில வர்றதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிடுதா?"

எனக்கு ஆச்சரியம். ஆமாம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் மூன்றாவதாக ஒன்று கேட்டார். மேட்ச் முடிந்த பிறகு அவன் சந்தோஷமாகச் சாப்பிடுகிறானா என்று. மேட்ச் முடிந்ததும் அவன் எழுந்து போய்விடுவான். எந்த டீம் ஜெயித்தாலும் அவன் முகத்தில் ஜெயித்த களை எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதை அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போன வாங்கிப் பாரும்மா. ஜல்தியா பாரு" என்றார் அக்கா. அவருடைய குரலில் பொறாமை இருப்பதாக எனக்குப் பட்டது. தன் வீட்டுக்காரர் திருந்தவில்லை, இவள் பிள்ளை திருந்திவிட்டான் என்கிற பொறாமை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கத்துவதைத்தானே விட்டிருந்தேன், குத்துவதை விடவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதிரி ஆட்கள் இல்லை அக்கா என்று மெதுவாகவே சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து நான் வேறு பெட்டியில் ஏறினேன்.

இதற்கிடையில் என் மகன் கோவிலில் பெரிய ஆளாகிவிட்டான். எப்படியோ விஷயம் பங்குத் தந்தையின் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்ததும் அவனைப் பீடத்துக்கு முன்னால் நிற்கவைத்து, இந்தத் தவக்காலத்தில் ஒரு இளைஞன் எதை விட்டான் என்று அவன் வாயாலேயே கேளுங்கள் என்றார். அவன் பேசினான். அலட்டிக்கொள்ளாமல், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, கனவிலும் சுட்டுக்கொண்டே இருந்தேன், ஆனாலும் திரும்பத் தொடவில்லை என்றான். எல்லாமே உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. எனக்குக் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது.

அன்றைக்கே அம்மாக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு ஹெட்செட் இருந்தது. உங்கள் பிள்ளையை எங்கள் பிள்ளையோடு பேசச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி முடிந்ததும் ஐந்தாறு பையன்கள் கோவில் மண்டபத்தில் இவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்கள். நானே ஒரு தட்டில் சுண்டல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு ஒருவன் விட்டுவிட்டான் என்றார்கள். அதற்கடுத்து இரண்டு பேர். குருத்து ஞாயிறு வருவதற்குள் அத்தனை பேரும் விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் இருந்த சாயங்காலச் சத்தமே குறைந்துபோனது. ஒரு தாய் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் டிவி போட மாட்டோம். அடுப்பில் கஞ்சி மட்டும்தான். எங்கள் பங்கில் சாமியார் கிளைக் கிராமங்களை எல்லாம் முடித்துவிட்டு வர இருட்டிவிடும். ஆகவே வழிபாடு இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் சூடு பிடிக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பாதை. வாலிபப் பிள்ளைகள் உள்ளே உட்கார மாட்டார்கள், பக்கவாட்டு வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நிற்பார்கள். நான் முட்டி வலியால் அந்த வாசல் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கிருந்து அவர்களைப் பார்க்க முடிந்தது. என் மகன் நடுவில், அவன் திருத்திய பிள்ளைகள் சுற்றிலும். எனக்கு அந்தக் காட்சி போதும், வேறு ஈஸ்டர் வேண்டாம் என்று நினைத்தேன்.

இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவர் தலை சாய்த்து உயிர்விட்டார் என்கிற இடம் வந்ததும் வாசிப்பு நிற்கும். கோவில் முழுக்க மண்டியிடும். ஒரு இருமல்கூட இருக்காது. சின்ன வயதிலிருந்து எனக்கு வருடத்திலேயே பெரிய நிமிடம் அதுதான். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டேன். தாழ்வாரத்திலும் அவர்கள் மண்டியிட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த அமைதியில், எல்லோரையும் முந்திக்கொண்டு என் மகன் ஒரு மூச்சு விட்டான். சோபாவில் விடுகிற அதே மூச்சு. உடனே சுற்றியிருந்த பிள்ளைகள் ஒன்றாகத் தலையில் கை வைத்தார்கள். ஒருவன் மட்டும் முஷ்டியை மடக்கித் தொடையில் குத்தினான், பல் தெரியச் சிரித்தான். அவர்கள் குனிந்திருந்தது நெஞ்சைப் பார்த்து இல்லை. மடக்கிய கைக்குள் ஒவ்வொருவனுக்கும் ஒரு வெளிச்சம் இருந்தது.

எனக்கு அக்காவின் குரல் கேட்டது. டிவியில் வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறதா. இங்கே டிவியே இல்லை. நான் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்க மறந்துவிட்டேன். எல்லோரும் எழுந்து வாசிப்பும் தொடர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தொட்டு, முட்டி பிடித்துக்கொண்டதா அக்கா என்று தூக்கிவிட்டாள்.

வழிபாடு முடிந்து வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் கஞ்சிக்கு உட்கார்ந்தார். நான் மகனின் எதிரில் போய் நின்று கையை நீட்டினேன். அவன் போனைக் கொடுத்துவிட்டான். மறைக்கவே இல்லை, அதுதான் என்னை முதலில் அடித்தது. திரையில் துப்பாக்கியோ ஆளோ எதுவும் இல்லை. பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக எண்கள். அடுத்த பந்தில் என்ன, இந்த ஓவரில் எவ்வளவு, அடுத்த விக்கெட் எப்படி விழும். ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டலாம், எந்த டீம் ஆனாலும். யாரோ அனுப்பிய லிங்க் வழியாக வந்ததாம். ஆட்டம் நடக்கிற இடத்திலிருந்து இதற்குத் தகவல் முதலில் வந்துவிடும், டிவிக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஞானம் அதுதான். கடைசி செமஸ்டருக்கு நாங்கள் கட்டச் சொல்லிக் கொடுத்த பணம் கல்லூரிக்குப் போகவே இல்லை.

அவன் அழுவான், காலில் விழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் குழப்பத்தோடு என்னைப் பார்த்தான். நான் எதற்குப் பதறுகிறேன் என்று அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"கேம் ஆடாதன்னுதானம்மா அழுத? நான் ஆடலியே. ஒறுத்தல்னு சொன்னேன், ஒரு நாள் கூட ஒடைக்கல. நீ வேணா செக் பண்ணிக்கோ."

நடிக்கவில்லை அவன். அவனைப் பொறுத்தவரை அவன் தவக்காலத்தைச் சுத்தமாகக் கடைப்பிடித்திருந்தான். கை நடுங்கி மாடியில் நடந்துகொண்டிருந்த நாட்களில், அதே அரிப்பு அடங்க இது கிடைத்திருக்கிறது. கேமில் செத்தால் திரும்ப முதலிலிருந்து வரலாம், கொஞ்ச நாளில் சலித்துவிடும், இதில் அப்படி வர முடியாது, அதனால்தான் இது சலிக்கவே இல்லை என்று அவனே பொறுமையாக எனக்கு விளக்கினான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவனைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேம் அவனை எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒரு அறைக்குள் அடைத்து வைத்திருந்தது. கதவை உதைக்கிற சத்தமாவது கேட்டது. இது அவனைக் கொண்டுவந்து எங்கள் நடுவிலேயே உட்காரவைத்துவிட்டு, ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் காலி இடத்துக்கு நான் தினமும் வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன்.

"அவனுங்க அம்மாங்க கேட்டதத்தான் பண்ணேன். கேம விடுன்னு சும்மா சொன்னா எவன் விடுவான்? இத காட்டினேன், விட்டுட்டானுங்க. ஒருத்தன சேத்தா எனக்கு போனஸ் வரும். அத கூட அவனுங்களுக்கே பாதி போட்டு உட்டேன்."

என் வீட்டுக்காரர் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டிவிக்கு எதிரில் இருந்த சோபாவில் உட்கார்ந்து, அணைத்து வைத்திருந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அதே நினைப்புதான்.

மறுநாள் காலையில் அக்காவுக்கு போன் செய்தேன். எங்கள் வீட்டில் அந்த மாதிரி ஆட்கள் இல்லை என்று நான் சொன்ன வாக்கியம் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டார். அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், அதற்காகவாவது கோபப்பட்டிருப்பேன். எந்தெந்தக் கணக்கை யார் பெயருக்கு மாற்றுவது, யாரை வைத்து வங்கியில் பேசுவது, டாக்டர் யாரைப் பார்க்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். இத்தனையும் அவர் தனியாக அலைந்து தெரிந்துகொண்டவை. அவர் அலைந்த நாட்களில் நான் குங்குமத்தை ஜிப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். ஈஸ்டர் கழியட்டும், பண்டிகை நாளில் எப்படிச் சொல்வது என்று இழுத்தேன்.

"இன்னிக்கும் மேட்ச் கீது, நாளைக்கும் கீதும்மா. எங்க வீட்டு விஷயம் முன்னாடியே தெரிஞ்சவங்க நாலு பேரு இருந்தாங்க. பண்டிகை போவட்டும்னுதான் அவங்களும் வாய மூடிக்கினு இருந்தாங்க."

அன்று முழுக்க நான் தெருவில் இறங்கப் பார்த்தேன், கால் வரவில்லை. எந்த முகத்தோடு போய், என் பிள்ளைதான் உங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தான் என்று சொல்வது. இரவு பாஸ்கா வழிபாட்டில் எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. அந்த வெளிச்சத்தில் அந்த அம்மாக்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

ஈஸ்டர் காலையில் முதலில் வந்தவள் பின் தெருவில் இருப்பவள். புருஷனும் அவளும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை பதினொன்றாவது. என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் அவள்தான். புதுப் புடவை கட்டிக்கொண்டு, தட்டு நிறைய கேக்கும் முறுக்கும் கொண்டுவந்திருந்தாள். மேலே ஒரு துணி போட்டு மூடி, எனக்கென்று தனியாக வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது. எனக்குத் தெரிந்த பூரிப்பு. காலை வண்டியில் நான் சுமந்துகொண்டு போன அதே பூரிப்பு.

"அவங்க அப்பா கூட ஒக்காந்து மேட்ச் பாக்குறான்க்கா. வீடே அமைதியா கீது" என்றாள்.

தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். உட்காரச் சொன்னேன். என் வாய்க்குள் வேறு எந்தச் சொல்லும் இல்லை, அக்காவின் சொல்தான் இருந்தது. அதைத்தான் கேட்டேன். அவன் எந்த டீமுக்கும்மா கை தட்றான்.

அவள் சிரித்தாள். என்னை மாதிரியே, கொஞ்சம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

"ரெண்டுக்குமேதான்க்கா. அவ்ளோ நல்ல மனசு அவனுக்கு."

இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. தவக்காலம் முடிந்திருந்தது, கத்த எனக்கு அனுமதி இருந்தது. ஆனாலும் அறைக் கதவை மெதுவாகத் தட்டி, என் மகனை வெளியே வரச் சொன்னேன். அவளுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீயே இவளிடம் சொல்லுடா என்றேன்.